ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம்

தை மாதத்தில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு செய்தி பழகிப்போயிருக்கும்: வறண்ட வானிலை நிலவும், ஓரிரு இடங்களில் அதிகாலையில் லேசான பனிமூட்டம் காணப்படும். அறிக்கையில் தவறு ஏதும் இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் விழுப்புரத்திலிருந்து காணை, கெடார் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. அந்த ஓரிரு இடங்கள் எவை? அதிகாலை என்பது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? இந்த இரண்டுக்கும் அறிக்கையில் விடை கிடையாது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மூடுபனி பெரிய விஷயமாகக் கருதப்படாததற்குக் காரணம், நாம் அதை ஆண்டுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவதுதான். நாள் கணக்கில் பார்த்தால் அது அற்பம். இடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பார்த்தால் அப்படி அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். கண்ணுக்கு எட்டும் தூரம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கினால் அது மூடுபனி. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை நான்காகப் பிரிக்கிறது: 500 மீட்டருக்கு மேல் தெரிந்தால் லேசானது, 200 முதல் 500 வரை மிதமானது, 50 முதல் 200 வரை அடர்ந்தது, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. லேசான பனிமூட்டத்தால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. சிக்கல் 200 மீட்டருக்குக் கீழே தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக ஜனவரி நடுவில் விடைபெறுகிறது. அதன் பின் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது, மண்ணில் ஈரம் மிச்சமிருக்கிறது. மூடுபனிக்கு வேண்டிய மூன்றும் இவைதான். பனி விழ ஆரம்பித்தால் இனி மழை இல்லை என்று கிராமத்தில் சொல்வார்கள். பனி மழையை விரட்டுவதில்லை. மழை மேகங்கள் போனதால்தான் பனி வருகிறது. மேகம் இருந்தால் தரை வெளிவிடும் வெப்பத்தில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பும். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு இழந்துகொண்டே இருக்கும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிரும். இந்த அட்சரேகையில் ஜனவரி இரவு சுமார் பன்னிரண்டரை மணி நேரம் நீள்கிறது. மாலையில் 28 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 17.7 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 19 டிகிரிக்குக் குளிர்ந்தால் 16.3 கிராமுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. மிச்சம் 1.4 கிராம். அதில் பெரும்பகுதி புல்லிலும் வைக்கோலிலும் வண்டிக் கூரையிலும் பனித்துளியாகப் படிந்துவிடும். அந்தரத்தில் நிற்பது கிராமில் பத்தில் ஒன்றோ இரண்டோதான். எதிரே வரும் லாரியை மறைக்க அதுவே போதும். காற்று அறவே அசையாவிட்டால் ஈரமெல்லாம் தரையிலேயே படிந்துவிடும், மூட்டம் எழாது. வேகமாக அடித்தால் மேலே உள்ள சூடான வறண்ட காற்று கலந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இலை லேசாக ஆடும் அளவுக்கு வீசினால்தான் தரையோரக் குளிர் சில மீட்டர் உயரத்துக்குப் பரவி மூட்டமாகிறது. இவ்வளவு நுட்பமான பொருத்தம் தேவைப்படும் ஒன்று மாவட்டம் முழுக்க ஒரே சீராக வரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கெடாரைச் சுற்றியுள்ள நிலம் இதற்கு நல்ல பாடம். மேற்கிலும் வடக்கிலும் செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், அங்கிருந்து மெல்லச் சரியும் தரை, இடையிடையே ஏரிகள், ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், ஏரிக்கரை குறுக்கே நின்றால் அங்கே தங்கும். ஏரிமேல்தான் மூட்டம் அதிகம் என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் ஏரித்தண்ணீர் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வைத்திருக்கும், அதன்மேல் காற்று அவ்வளவு எளிதில் குளிராது. ஏரி ஈரத்தைக் கொடுக்கிறது. குளிர்வதற்கான இடத்தைக் கொடுப்பது கரைக்குக் கீழே உள்ள நஞ்சை. நெல் அறுத்த ஈரத்தாளடியும் கரும்புக் கொல்லையும் உள்ள தாழ்வான பகுதியில் சாலை இறங்கும்போது அடர்ந்த மூட்டமும், மேடேறி மல்லாட்டைக் கொல்லை வந்ததும் தெளிந்த வானமும் இருப்பது இதனால்தான். கடற்கரையோரம் நிலைமை வேறு. அங்கே கடல் இரவுக் குளிரைத் தணிக்கிறது, காற்றும் அவ்வளவாக ஓய்வதில்லை. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் கணக்கில் சேரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஏரிகள் ததும்பி நிற்கும் ஆண்டில் தை மாதத்து மண்ணிலுள்ள ஈரம் வறட்சி ஆண்டின் ஈரத்தோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரும். இப்போதெல்லாம் காலையில் நாம் பார்ப்பது பனியே இல்லை, வெறும் புகை என்று. சென்னையைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. 2018 போகியன்று பழைய பொருள்களை எரித்த புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் புகையா பனியா என்று கேட்பதே சரியல்ல. காற்றில் தூசு இல்லாவிட்டால் நீராவி துளியாகாது என்பதை ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் எய்ட்கென் 1880லேயே காட்டிவிட்டார். ஒவ்வொரு துளியும் ஒரு நுண்துகளைப் பற்றிக்கொண்டுதான் பிறக்கிறது. துகள் குறைவாக இருந்தால் சில பெரிய துளிகள். துகள் மிகுந்தால் அதே தண்ணீர் எண்ணற்ற சிறு துளிகளாகப் பிரிந்து ஒளியை அதிகம் சிதறடிக்கும், மெதுவாகத்தான் கீழே இறங்கும். சருகுக்கும் கரும்புச் சோகைக்கும் வைக்கும் தீயும், செங்கல் சூளையும், சாலையோரக் குப்பை நெருப்பும் மூட்டத்தை உண்டாக்குவதில்லை. உண்டாகப்போகும் மூட்டத்தை அடர்த்தியாக்குகின்றன. தரையோரக் காற்று மேலுள்ளதைவிடக் குளிர்ந்து கிடக்கும் இரவுகளில் புகை மேலெழவும் வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோர் மாண்டது நிலக்கரிப் புகை இப்படிச் சிறைப்பட்டதால்தான். நம் கிராமப்புறம் அந்த நிலைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்குத் தை மாதக் காலைகள் கடினமாக இருப்பதன் காரணம் மட்டும் அதே வகையைச் சேர்ந்தது.

சரி, மூட்டம் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் யார் அளக்கிறார்கள்? விமான நிலையம் அளக்கிறது, ஏனென்றால் அதற்கு வேறு வழியில்லை. சாதாரண வகைக் கருவி வழிகாட்டுதலோடு தரையிறங்க ஓடுபாதையில் 550 மீட்டராவது தெரிய வேண்டும் என்பது உலக விதி. கடலூரிலும் புதுச்சேரியிலும் வானிலை நிலையங்கள் உண்டு, ஆனால் இரண்டும் கடலோரம். மாவட்ட மழையளவுப் பட்டியலில் கெடாருக்கும் ஓர் இடம் உண்டு. மழையை அங்கே அளக்கிறார்கள், பார்வைத் தூரத்தை அளப்பதில்லை. செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். இன்சாட் 3டி வரிசைக் கோள் இரவில் இரு அகச்சிவப்பு அலைவரிசைகளின் வேறுபாட்டைக் கொண்டு மூடுபனியைக் கண்டுபிடிக்கிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் நான்கு கிலோமீட்டர். கங்கைச் சமவெளியை மூடும் விரிப்புக்கு அது போதும். ஓர் ஏரியின் ஆயக்கட்டில் அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மூட்டம் அந்தப் புள்ளிக்குள் கரைந்துபோகும். டெல்லியில் 2015 குளிர்காலம் முதல் விமான நிலையத்தை மையமாக வைத்து மூடுபனி ஆய்வுத் திட்டம் ஒன்று நடக்கிறது. அங்கே ஜனவரி நடுப்பகலில் சூரியன் நாற்பது பாகை உயரம்தான் ஏறுகிறது, மூட்டம் நாள் முழுக்கத் தங்கக்கூடும். இங்கே ஐம்பத்தேழு பாகை. எட்டு, ஒன்பது மணிக்குள் வெயில் அதைக் கலைத்துவிடுகிறது. பத்து மணிக்கு அலுவலகம் வருகிறவர் கண்ணில் மூடுபனி படுவதே இல்லை. அது கோப்பில் ஏறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த மறுப்பு வலுவானது. ஆண்டுக்குச் சில காலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு மணி நேரம், இதற்காக இவ்வளவு பேச்சு எதற்கு? அந்தக் காலைகள் எப்போது வருகின்றன என்று நாட்காட்டியைப் புரட்டினால் விடை கிடைக்கும். மார்கழியும் தையும்தான் இந்தச் சாலைகள் இரவிலும் உறங்காத மாதங்கள். சபரிமலைக்குப் போகும் வேன்கள், மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிப் போகும் பேருந்துகள், பொங்கலுக்கு ஊர் போய் மூன்றாம் நாள் சென்னை திரும்பும் கூட்டம் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் விக்கிரவாண்டி, ஆத்தூர் சுங்கச்சாவடிகள் வழியேதான் போக வேண்டும். பௌர்ணமி இரவு முழுக்கத் திருவண்ணாமலையில் கிரிவலம் நடந்துவிட்டு விடிவதற்குள் ஊர் திரும்புகிறவர்கள் வேட்டவலம், கெடார் வழியில் வருகிறார்கள். அமாவாசையன்று மேல்மலையனூரில் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் முடிந்து செஞ்சி, திண்டிவனம் பக்கம் திரும்பும் கூட்டத்துக்கும் அதே நேரம்தான். இரவெல்லாம் கண்விழித்த ஓட்டுநர், வண்டி நிறைய உறங்கும் ஆட்கள், காலை நான்கு முதல் ஏழு மணி. போதாததற்கு அது கரும்பு அரவைப் பருவம். முண்டியம்பாக்கம் போன்ற ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களில் பின்விளக்கு எரிந்தாலும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புக் கட்டு அதை மறைத்துவிடும். பால் வண்டியும் பத்திரிகைக் கட்டும் காய்கறி மூட்டையும் கிளம்புவதும் இந்நேரத்தில்தான். ஆண்டு சராசரி என்ற கணக்கு, மே மாதத்து வெறிச்சோடிய மதியச் சாலையையும் தை மாதத்து நெரிசலான விடியற்காலைச் சாலையையும் ஒரே எடையில் நிறுக்கிறது.

வயலிலும் இதே கதைதான், அங்கே சேதம் மெதுவாக வருகிறது. நெல்லில் குலை நோய்ப் பூஞ்சை இலைக்குள் நுழைய இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும், இரவு குளிர்ந்திருக்க வேண்டும். மூட்டமான காலையில் இலை உலர ஒன்பது மணியாகிவிடும், பூஞ்சைக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். சம்பா அறுவடையில் இயந்திரம் பனி காயும்வரை வரப்பில் நிற்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல் திரும்பிவரும் என்பதால் களத்தில் கொட்டிய குவியலை மறுபடி உலர்த்த வேண்டும். மறுபக்கமும் உண்டு. நெல் தரிசில் தெளித்த உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இந்தப் பனியையும் நம்பித்தான் காய்க்கிறது. நெல் அறுக்கக் காத்திருப்பவர் சபிக்கும் காலையை உளுந்து விதைத்தவர் வரவேற்கிறார்.

சாலைக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் உயிர் போகிறது. ஓட்டுநர் தடையைப் பார்த்து, பிரேக்கில் கால் வைத்து, வண்டி நிற்கும்வரை ஆகும் தூரத்தை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வேகவாரியாக வகுத்திருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர், 80க்கு 120, 50க்கு 60, 40க்கு 45. மிக அடர்ந்த மூடுபனியின் எல்லையான 50 மீட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதற்குள் நிற்கக்கூடிய வேகம் 40தான். நாற்கரச் சாலையில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை. மூட்டம் திட்டுத்திட்டாக வருவதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. பத்து கிலோமீட்டர் தெளிவாக வந்தவருக்கு வேகத்தைக் குறைக்கக் காரணமே இருக்காது. ஏரிக்கரைத் திருப்பத்தில் சில வினாடிகளில் எல்லாம் மறைந்துவிடும். இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கீழே படர்ந்து கிடக்கும் ஆழமற்ற மூட்டம் மேலும் வஞ்சகமானது. லாரி, பேருந்து ஓட்டுநரின் கண் அதற்கு மேலே இருக்கும். அவருக்குத் தூரத்துப் பனைமரம்கூடத் தெரியும், முன்னால் போகும் இருசக்கர வாகனம் தெரியாது. வழி தெளிவு என்று அவர் நம்புவதில் அவரளவில் பொய்யும் இல்லை. இன்னொன்று, விடிந்தால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை. முதல் வெயில் தரையிலுள்ள பனித்துளியை ஆவியாக்கி, காற்றையும் சற்றுக் கிளறிவிடுவதால், சூரியன் எழுந்த அரை மணி நேரத்துக்கு மூட்டம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். இங்கே ஜனவரியில் சூரியன் எழுவது ஆறரை மணியை ஒட்டி. பள்ளி வேன்கள் கிளம்பும் நேரம் அதற்குச் சற்றுப் பின்னால்.

கண் தெரியாவிட்டால் யாராக இருந்தாலும் மெதுவாகத்தானே போவார்கள் என்று கேட்கலாம். இதைப் பற்றி ஆய்வாளர்களே இரு அணியாக நின்றிருக்கிறார்கள். 1998இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஸ்னோடனும் உடனாளர்களும் நேச்சர் இதழில் எழுதியது: மூட்டத்தில் காட்சி மங்குவதால் நாம் போகும் வேகம் குறைவாகத் தோன்றுகிறது, அதனால் அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுகிறோம். இது பாடநூல்வரை போயிற்று. 2012இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட்டோ குழுவினர் அதைத் திருப்பிப்போட்டார்கள். காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கியது உண்மையான மூடுபனி அல்ல, மூடுபனியில் அருகே தெளிவாகவும் தூரத்தே மங்கலாகவும் இருக்கும். அப்படி அமைத்துச் சோதித்தால் வேகம் அதிகமாகத் தோன்றி மக்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்றார்கள். பின்னவர்களின் சோதனைதான் இயற்கைக்கு நெருக்கம் என்று எனக்குப் படுகிறது. அதனால் மறுப்பாளருக்கு வெற்றி கிடைத்துவிடாது. மெதுவாகப் போவது ஒன்று, தெரியும் தூரத்துக்குள் நிற்குமளவு மெதுவாகப் போவது வேறொன்று. 80இலிருந்து 60க்குக் குறைத்தவர் தான் எச்சரிக்கையாக இருப்பதாகவே உணர்வார். 60க்கு வேண்டிய நிற்கும் தூரமோ 80 மீட்டர். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், மழைக்குப் பின் ஈரவயல்கள்மேல் வரும் மூடுபனி நம்முடையதைப்போன்றே தரையில் பிறப்பது. 2007 நவம்பரில் ஃபிரெஸ்னோ அருகே அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. அங்கே நெடுஞ்சாலைக் காவல் வண்டிகள் முன்னால் போய் எல்லா வாகனங்களையும் ஒரே நிதான வேகத்தில் அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. அவரவர் கண்ணையும் மனத்தையும் மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்று அவர்கள் தீர்மானித்ததன் விளைவு அது.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகுமே என்பது கடைசி மறுப்பு. அதற்கு விடை விழுப்புரம் சந்திப்பிலேயே இருக்கிறது. மூடுபனி உண்டா இல்லையா என்று ரயில்வே யாரையும் கேட்பதில்லை. பழைய விதிப்படி, நிலைய அதிகாரி நிற்கும் இடத்திலிருந்து குறைந்தது 180 மீட்டர் தள்ளி ஒரு பொருளைப் பார்வைச் சோதனைக்கென்று குறித்துவைப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த நிலையத்தில், அந்த நேரத்தில் மூடுபனி. உடனே ஆள் போய் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடி பொருத்துவார், சக்கரம் ஏறி அது வெடித்ததும் ஓட்டுநருக்குச் சிக்னல் நெருங்குவது தெரிந்துவிடும். வடக்கே இப்போது ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. அது இருந்தால் மணிக்கு 75 கிலோமீட்டர்வரை போகலாம். கருவி எதுவானாலும் அடிப்படை மாறவில்லை. இடத்தையும் நேரத்தையும் அங்கே இருக்கும் ஆளே தீர்மானிக்கிறார். சாலையில் இதைச் செய்யத் தடை என்ன? நெடுஞ்சாலையில் 200 மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள், அடர்ந்த மூடுபனியின் எல்லையும் அதே 200 மீட்டர். சுங்கச்சாவடி ஊழியர், ரோந்து வண்டிக்காரர், காவல் நிலையத்தில் இரவுப் பணியில் இருப்பவர் ஆகியோருக்கு ஆளுக்கொரு அடையாளத்தைக் குறித்துக்கொடுத்து, அது மறையும்போது பதிவு செய்யச் சொன்னால் போதும். இரண்டு பருவத்தில் எந்தப் பள்ளத்தில், எந்த ஏரிக்குக் கீழே, எத்தனை மணிக்கு மூட்டம் நிற்கிறது என்ற வரைபடம் தயாராகிவிடும். அந்த இடங்களில் மட்டும் ஒளிபிரதிபலிக்கும் குச்சிகளும், இரவில் லாரி நிறுத்தத் தடையும், வேக எச்சரிக்கையும் போதும். நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அழைத்தால் வருவது விபத்துக்குப் பிந்தைய உதவி. இது அதற்கு முந்தையது.

அந்த வரைபடம் வராதவரை ஓட்டுநர்கள் மரபாகக் கேட்டதைத்தான் நம்புவார்கள். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பது அதில் ஒன்று. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, ஆகையால் மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். விளக்கின் நிறத்தைவிட அது தாழ்வாக இருப்பதுதான் முக்கியம். ஹைபீம் போட்டால் ஒளியெல்லாம் வெள்ளைச் சுவராகக் கண்ணுக்கே திரும்பிவரும். நான்கு பக்கமும் இண்டிகேட்டரை எரியவிட்டு ஓடுவதும் அப்படித்தான்: பின்னால் வருகிறவருக்கு முன்வண்டி நிற்கிறதா ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது தெரியாமல் போகிறது.

உலகம் சூடாகிறது, இன்னும் சில பத்தாண்டில் மூடுபனியே இருக்காது என்று காத்திருக்கலாமா? ஐரோப்பாவில் முப்பது ஆண்டுகளில் பார்வை மங்கிய நாட்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அங்கே காற்று தூய்மையானதும் ஒரு முக்கியக் காரணம். கலிபோர்னியப் பள்ளத்தாக்கிலும் குறைந்தது. கங்கைச் சமவெளியில், பாசனம் பெருகி, புகையும் பெருகியதால் எதிர்த்திசையில் போயிற்று. வெப்பம் மட்டும் தீர்மானிப்பதாக இருந்தால் மூன்றும் ஒரே வழியில் போயிருக்க வேண்டும். நம் பக்கத்திலும் ஏரி நிரம்புகிறதா, சருகு எரிகிறதா என்பவைதான் இதைத் தீர்மானிக்கும். இரண்டும் ஊராட்சி எல்லைக்குள் நடப்பவை.

இனி மெதுவாகப் போவதால் இழப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். கெடார் வழியில் பத்து கிலோமீட்டர் தொடர்ந்து மூட்டம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம், அது மிகையான கணக்கு. 60 வேகத்தில் போனால் அதைக் கடக்கப் பத்து நிமிடம், 40இல் போனால் பதினைந்து. பேருந்து அட்டவணையில் மார்கழி பிறந்ததிலிருந்து மாசி முடியும்வரை, காலை எட்டு மணிக்கு முன் ஓடும் நடைகளுக்கு மட்டும் அந்த ஐந்து நிமிடத்தைக் கூட்டிக் கொடுத்தால், நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று நடத்துநரையும் ஓட்டுநரையும் யாரும் கேட்க வேண்டியிருக்காது.